முதலிடத்தில் மூன்று பல்கலைக்கழகங்கள்

உயர்கல்வி: கேள்வியும் பதிலும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன: உலகப் பல்கலைக்கழகத் தரவரிசை. ஆகவே இந்த இதழை முழுதாக அதற்கே ஒதுக்கிவிட்டேன். நான் 31 ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் நடத்தியவள். கடைசி 9 ஆண்டுகள், தரவரிசை நிறுவனங்கள் கேட்கும் எண்களைத் துறை துறையாகத் திரட்டி அனுப்பும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. அந்தப் படிவங்களை நிரப்பிய கையால்தான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி: உலகிலேயே மிகச் சிறந்த பல்கலைக்கழகம் எது? ஓரிடத்தில் ஹார்வர்ட் என்கிறார்கள், இன்னோரிடத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் என்கிறார்கள். யாரை நம்புவது அம்மா?

பதில்: இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. உலகம் அதிகம் புரட்டும் பட்டியல்கள் மூன்று. மூன்றிலும் முதலிடம் வேறு வேறு. ஷாங்காய் பட்டியலில் ஹார்வர்ட். 2003இல் அந்தப் பட்டியல் தொடங்கியதிலிருந்து 2025 வரை 23 முறையும் அதுதான். பிரிட்டனின் க்யூ.எஸ். நிறுவனம் போடும் பட்டியலில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி., 2026 பதிப்போடு தொடர்ந்து 14 முறை. டைம்ஸ் உயர்கல்விப் பட்டியலில் ஆக்ஸ்ஃபோர்ட், 2026 பதிப்போடு தொடர்ந்து 10 முறை. பல ஆண்டுகளாக மூவரும் தத்தம் நாற்காலியை விட்டு அசையவில்லை. காரணம் எளிது. மூன்று பட்டியல்களும் கேட்கும் கேள்வி வேறு, அந்தக் கேள்விகளும் பெரிதாக மாறவில்லை.

ஷாங்காய் பட்டியல் ஆராய்ச்சியை மட்டும் பார்க்கிறது. அங்கே படித்தவர்கள் நோபல் பரிசோ கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமோ பெற்றிருந்தால் அதற்கு 10 விழுக்காடு. அங்கே பணியாற்றியபடி பெற்றவர்களுக்கு 20. உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்களுக்கு 20, நேச்சர், சயின்ஸ் என்ற 2 ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளுக்கு 20, மொத்தக் கட்டுரைகளுக்கு 20. கடைசி 10, இவற்றையெல்லாம் ஆசிரியர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. மாணவர் என்ற சொல்லுக்கே இதில் இடமில்லை, பழைய மாணவர் பரிசு பெற்றாலொழிய.

க்யூ.எஸ். பட்டியலில் 45 விழுக்காடு நற்பெயருக்குத்தான்: உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களிடம் கருத்துக் கேட்பதற்கு 30, வேலை கொடுப்பவர்களிடம் கேட்பதற்கு 15. டைம்ஸ் பட்டியலில் 18 அளவுகோல்கள் இருக்கின்றன. ஆனால் அதிலும் ஏறக்குறைய 3இல் 1 பங்கு, ஆய்வாளர்களிடம் கருத்துக் கேட்டு வாங்கும் மதிப்பெண்தான்.

அந்தக் கருத்துக் கணிப்பு ஒருமுறை எனக்கும் வந்தது. ‘உங்கள் துறையில் உலகின் தலைசிறந்த பல்கலைக்கழகங்களைக் குறிப்பிடுங்கள்’ என்று கேட்டிருந்தார்கள். நான் ஸ்டான்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் என்று எழுதிக்கொண்டே போனேன். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது: இதில் ஒன்றின் வகுப்பறையில்கூட நான் உட்கார்ந்ததில்லை. என் மாணவப் பருவத்தில் படித்த பாடநூல்களின் அட்டையில் இருந்த பெயர்களைத்தான் திருப்பி எழுதியிருக்கிறேன். உலகெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் இப்படித்தான் நிரப்புவார்கள் என்றால், நேற்றுப் புகழ் பெற்றவர் இன்றும் பெறுவார். அன்றிலிருந்து ‘நற்பெயர்’ என்ற வரியைப் பார்த்தாலே நான் நின்று யோசிப்பேன்.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதிலும் சொல்லிவிடுகிறேன். மூன்று பட்டியல்களின் அண்மைப் பதிப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால், மூன்றிலும் முதல் பத்துக்குள் வருபவை ஆறுதான்: ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், எம்.ஐ.டி., கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக், ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ். பிரின்ஸ்டன், பெர்க்லி, லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆகியவை இரண்டில் வருகின்றன. எந்தக் கோலால் அளந்தாலும் உயரமாக நிற்பவை அந்த ஆறும்தான். அவற்றுக்குள் யார் பெரியவர் என்ற கேள்விக்குப் பதில் உங்கள் கையில் இருக்கும் கோலைப் பொறுத்தது.

கேள்வி: பழமையான பல்கலைக்கழகங்கள்தான் முன்னணியில் இருக்கின்றனவா?

பதில்: இல்லை. ஐரோப்பாவின் மூத்த பல்கலைக்கழகம் இத்தாலியின் பொலோனியா, 1088இல் தொடங்கியதாகக் கணக்கு. அது எந்தப் பட்டியலிலும் முதல் 100க்குள் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் 1096லேயே பாடம் நடந்திருக்கிறது, அது முதலிடத்தில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் 1891இல்தான் கதவைத் திறந்தது. வயதுக்கும் இடத்துக்கும் தொடர்பு இல்லை. பணத்துக்கு உண்டு. பெரிய அறக்கொடை நிதி வைத்திருக்கும் பல்கலைக்கழகம் நல்ல ஆய்வாளரை அழைத்துவந்து, ஆய்வகம் கட்டிக் கொடுத்து, பத்தாண்டு காத்திருக்க முடியும்.

கேள்வி: ஒரே ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் 17 இடம் ஏறியதாகப் படித்தேன். ஓராண்டில் ஒரு கல்வி நிலையம் அவ்வளவு மாறிவிடுமா?

பதில்: மாறாது. நீங்கள் படித்தது கலிஃபோர்னியாவின் பெர்க்லியைப் பற்றியதாக இருக்கும். க்யூ.எஸ். பட்டியலின் 2023 பதிப்பில் 27ஆம் இடம், 2024 பதிப்பில் 10ஆம் இடம். அந்த 12 மாதங்களில் பெர்க்லியில் புதிய கட்டடமோ புதிய மேதைகளோ முளைத்துவிடவில்லை. க்யூ.எஸ். தன் கணக்கை மாற்றியது, அவ்வளவுதான். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற அளவுக்கு அதுவரை 20 விழுக்காடு கொடுத்துவந்தார்கள். அதைப் பாதியாகக் குறைத்து 10 ஆக்கினார்கள். ஆய்வாளர் கருத்துக்கு இருந்த 40, 30 ஆனது. சுற்றுச்சூழல் பொறுப்பு, வேலைவாய்ப்பு, பன்னாட்டு ஆய்வுத் தொடர்பு என்று புதிதாக மூன்றைச் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் 5 வைத்தார்கள். பெர்க்லி அரசுப் பல்கலைக்கழகம். அங்கே மாணவர் கூட்டம் பெரிது. ஆசிரியர்–மாணவர் விகிதத்தின் எடை குறைந்ததும் அது மேலே மிதந்தது.

என் வகுப்பில் இதை ஒரு பயிற்சியாகவே கொடுத்திருக்கிறேன். அதே தரவை எடுத்துக்கொள்ளுங்கள், எடைகளை மட்டும் உங்கள் விருப்பப்படி மாற்றுங்கள், புதுப் பட்டியல் ஒன்று தயாரியுங்கள் என்பேன். 40 மாணவர்கள் 40 பட்டியல் கொண்டுவருவார்கள். ஒவ்வொருவரும் தன் எடைதான் நியாயமானது என்று வாதாடுவார்கள். அந்த 40 பேரின் வாதமும் ஏற்கத்தக்கதாகவே இருக்கும். எடை என்பது கணக்கில் கண்டுபிடிக்கும் விஷயமல்ல; யாரோ ஒருவர் முடிவு செய்வது.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருக்கிறது. ஒன்று உலக வரிசையில் 40க்குள். மற்றது 150க்கு மேல், ஆனால் அவன் படிக்க விரும்பும் வேளாண் அறிவியலுக்குப் பெயர் பெற்றது என்கிறான். உறவினர்கள் எல்லோரும் முதலாவதைத்தான் சொல்கிறார்கள். ஒரு தந்தையாக நான் என்ன செய்வது?

பதில்: ஐயா, உங்கள் மகன் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அவன் சரியான இடத்தில்தான் பார்க்கிறான்.

ஒட்டுமொத்த வரிசை என்பது மருத்துவம், சட்டம், இயற்பியல், இசை எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிளறி எடுத்த எண். உங்கள் மகன் அந்தப் பானை முழுவதையும் படிக்கப் போவதில்லை, ஒரு துறையைப் படிக்கப் போகிறான். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். க்யூ.எஸ். ஒட்டுமொத்த வரிசையில் அது 150ஐத் தாண்டி நிற்கிறது. ஆனால் அதே க்யூ.எஸ்., வேளாண்மைக்கென்று தனியாகப் போடும் பட்டியலில் பல ஆண்டுகள் அதுதான் முதல். இங்கிலாந்தின் சசெக்ஸ் ஒட்டுமொத்த வரிசையில் 200க்கு அப்பால் இருந்தபடியே வளர்ச்சி ஆய்வியலில் உலகின் முதலிடத்தை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தது. லண்டனின் ராயல் கலைக் கல்லூரி இன்னும் வியப்பு. கலை, வடிவமைப்புப் பட்டியலில் 2015 முதல் தொடர்ந்து முதலிடம் பெற்றுவந்த அந்தக் கல்லூரி, ஒட்டுமொத்தப் பட்டியலில் இடமே பெறுவதில்லை. ஒரு துறையை மட்டும் நடத்தும் நிறுவனங்களை அந்தப் பட்டியல் சேர்ப்பதில்லை. இதேபோல், சான் பிரான்சிஸ்கோவில் உள்ள, மருத்துவத்துக்கான கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஷாங்காய் பட்டியலில் 20ஐ ஒட்டி நிற்கிறது, மற்ற இரண்டு பட்டியல்களில் தேடினாலும் கிடைப்பதில்லை. அங்கே இளநிலைப் படிப்பு கிடையாது, அதுதான் காரணம்.

இன்னொன்றும் பாருங்கள். ஷாங்காய் பட்டியல் 100க்கு மேல் தனித்தனி இடம் கொடுப்பதே இல்லை. 101–150, 151–200 என்று கும்பலாகப் போடுகிறது. டைம்ஸ் 200க்கு மேல் அப்படித்தான் செய்கிறது. வரிசை போடுகிறவர்களுக்கே தெரியும், அங்கே மதிப்பெண் வேறுபாடு மிகச் சிறியது என்று. மேலே போனால் இடைவெளி அகலம், நடுவே வந்தால் நெருக்கம். நடு வரிசையில் அரை மதிப்பெண் குறைந்தாலும் பல இடம் சறுக்கும். இதைப் பல பெற்றோர்களுக்குப் படம் வரைந்து காட்டியிருக்கிறேன்.

என் மகள் பூச்சியியல் படிக்கப் போனபோது எங்கள் வீட்டிலும் இதே பேச்சு நடந்தது. அவள் தேர்ந்தெடுத்த இடம் வரிசையில் 150க்கும் பின்னால். அவள் சொன்ன காரணம் இதுதான்: ‘நான் 4 பேராசிரியர்களுக்கு எழுதினேன் அம்மா. ஒருவர்தான் பதில் போட்டார். 2 பக்கம் எழுதியிருக்கிறார். என் கேள்வியில் இருந்த தவறையும் காட்டியிருக்கிறார்.’ அந்த 2 பக்கத்தை நானும் படித்தேன். எந்தப் பட்டியலிலும் அந்தக் கடிதத்துக்கு மதிப்பெண் கிடையாது. அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. முனைவர் பட்டத்தையும் அவள் அவரிடமே முடித்தாள்.

உங்கள் மகனை உட்காரவைத்து இரு துறைகளின் பாடத்திட்டத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். முதலாண்டு வகுப்பை யார் நடத்துகிறார்கள், பேராசிரியரா, ஆய்வு மாணவரா? வகுப்பில் எத்தனை பேர்? ஆய்வகத்திலோ வயலிலோ கைவைத்துச் செய்யும் நேரம் வாரத்துக்கு எவ்வளவு? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பாதியில் விட்டுப் போகிறார்கள்? இப்போது அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரிடம் பேசினால் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும். முதலாம் ஆண்டு மாணவரிடம் கேட்காதீர்கள், அவர் இன்னும் புது மயக்கத்தில் இருப்பார். அதன் பின்னும் இரண்டும் சமமாகத் தோன்றினால், அப்போது வரிசை எண்ணைப் பாருங்கள். அதற்கு முன் வேண்டாம்.

கேள்வி: டைம்ஸ் பட்டியலில் ‘கற்பித்தல்’ என்று தனியாக மதிப்பெண் இருக்கிறதே. அது நன்றாக இருந்தால் நன்றாகப் பாடம் நடத்துகிறார்கள் என்றுதானே பொருள்?

பதில்: அப்படித்தான் நானும் முதலில் நினைத்தேன். கற்பித்தலுக்கு அவர்கள் கொடுப்பது 29.5 விழுக்காடு. அதில் 15, மறுபடியும் கருத்துக் கணிப்பு. மிச்சம் ஆசிரியர்–மாணவர் விகிதம், எத்தனை முனைவர் பட்டங்கள் வழங்கினார்கள், நிறுவனத்தின் வருமானம் எவ்வளவு என்பவை. ஒருவர்கூட வகுப்பறையின் பின் இருக்கையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாடம் கேட்டு மதிப்பெண் போடவில்லை. அது செய்ய முடியாத வேலை என்பதும் எனக்குப் புரிகிறது. உலகம் முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் அளக்க முடியாததை அளந்துவிட்டதாகப் பெயர் சூட்டக் கூடாது. அடைப்புக்குறிக்குள் அவர்களே போடும் ‘கற்றல் சூழல்’ என்ற பெயர்தான் ஓரளவு பொருந்தும்.

ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் நிஜமாகவே நல்லவை என்று நான் சொல்வது வேறு காரணத்துக்காக. அங்கே ஒரு மாணவர் வாரந்தோறும் தான் எழுதிய கட்டுரையோடு ஆசிரியர் முன் தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ உட்கார்ந்தாக வேண்டும். எழுதிய ஒவ்வொரு வரிக்கும் அங்கேயே பதில் சொல்ல வேண்டும். ஒளிந்துகொள்ள இடமில்லை. பல நூற்றாண்டாக வேர்விட்ட அந்த வழக்கத்துக்கு எந்தப் பட்டியலிலும் தனி வரி கிடையாது.

கேள்வி: எண்களை மாற்றிக் கொடுத்து இடம் பிடிக்க முடியுமா? உள்ளே இருந்து பார்த்தவர் நீங்கள், மறைக்காமல் சொல்லுங்கள்.

பதில்: முடியும். நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் யு.எஸ். நியூஸ் என்ற நிறுவனம் உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு பட்டியல் போடுகிறது. அதில் கொலம்பியா பல்கலைக்கழகம் 2ஆம் இடம் வரை வந்துவிட்டது. 2022 பிப்ரவரியில், அதே பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், தன் நிறுவனம் கொடுத்த எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வெளியிட்டார். வகுப்புகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் 20 மாணவருக்கும் குறைவு என்று கொடுத்திருந்தது அவர் கண்ணில் பட்டது. பாட அட்டவணையை எடுத்து எண்ணிப் பார்த்தால் கணக்கு உதைத்தது. பல்கலைக்கழகம் பின்னர் தன் எண்களில் தவறு இருந்ததை ஒப்புக்கொண்டது. செப்டம்பரில் வந்த அடுத்த பட்டியலில் அதன் இடம் 18. தன் சொந்த நிறுவனத்தின் பெருமைக்கு எதிராக ஒரு கணித ஆசிரியர் எண்ணிக் காட்டினாரே, அவரை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

பொய்யே சொல்லாமலும் எண் தவறாகப் பேசலாம். 2010இல் டைம்ஸ் புதிய முறையில் போட்ட பட்டியலில் எகிப்தின் அலெக்சாந்திரியா பல்கலைக்கழகம் 147ஆம் இடத்துக்கு வந்தது. மேற்கோள் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் ஹார்வர்டையும் ஸ்டான்ஃபோர்டையும் முந்தி உலகில் 4ஆம் இடம். தேடிப் பார்த்தால், ஒரே ஒரு ஆய்வாளர் தானே ஆசிரியராக இருந்த இதழில் வெளியிட்ட ஏராளமான கட்டுரைகளும் அவற்றின் மேற்கோள்களும்தான் காரணம். சராசரி என்ற கருவி ஒரே ஒரு பெரிய எண்ணால் எப்படிச் சாய்ந்துவிடும் என்பதை முதலாண்டு மாணவருக்கே சொல்லித்தருகிறோம். அங்கே அதைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள்.

என் அனுபவமும் ஒன்று உண்டு. நான் பொறுப்பில் இருந்த ஓர் ஆண்டு, ஆசிரியர் எண்ணிக்கையில் ஆராய்ச்சிக்கென்று மட்டும் வந்து போகிறவர்களையும் சேர்த்து என் மேசைக்கு ஒரு தாள் வந்தது. அவர்கள் வகுப்புக்குள் காலெடுத்து வைப்பதே இல்லை. சேர்த்தால் ஓர் ஆசிரியருக்கு 19 மாணவர் என்றிருந்தது 14 ஆகிவிடும். நான் கையெழுத்துப் போடவில்லை. மூன்று நாள் வாக்குவாதம். ‘எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்’ என்றார்கள். கடைசியில் பழைய எண்ணே போனது, அந்த ஆண்டு எங்கள் இடம் இறங்கியது. கூட்டத்தில் என் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் 19 பேரோடு உட்கார்ந்திருக்கும் மாணவனுக்கு 14 பேர்தான் என்று நான் எப்படி எழுதுவேன்?

கேள்வி: சில பல்கலைக்கழகங்கள் தரவரிசையிலிருந்து விலகுகின்றனவாமே? தோற்றுவிடுவோம் என்ற பயமா?

பதில்: பயந்து விலகுகிற இடங்கள் இல்லை இவை. நெதர்லாந்தின் உத்ரெக்ட் 2023இல் டைம்ஸுக்குத் தரவு கொடுக்க மறுத்தது. 2024இல் சூரிக் பல்கலைக்கழகம் விலகியது, 2025இல் பாரிஸின் சோர்போன் விலகுவதாக அறிவித்தது. சீனாவின் ரென்மின், நான்ஜிங், லான்சோ மூன்றும் 2022லேயே வெளிநாட்டுப் பட்டியல்கள் வேண்டாம் என்றுவிட்டன. யேல் சட்டப் பள்ளி யு.எஸ். நியூஸ் பட்டியலில் முதலிடத்தில் இருந்தபோதே வெளியேறியது. கட்டுரைகளின் எண்ணிக்கையைத் துரத்த வைக்கிறது, உள்ளடக்கத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்பதுதான் சூரிக் சொன்ன காரணம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பெயர் பெற்றவர்கள் விலகினால் யாரும் அவர்களைச் சந்தேகிப்பதில்லை. பெயரே இல்லாத ஒரு சிறிய பல்கலைக்கழகம் விலகினால் அது கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். அதனால் விலகுவது எல்லோருக்கும் இயலும் வழியல்ல. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வு மையம் செய்வது எனக்குப் பிடிக்கிறது. அவர்கள் கருத்துக் கணிப்பு நடத்துவதில்லை, பல்கலைக்கழகங்களிடம் எண் கேட்பதில்லை, எல்லாவற்றையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்குவதும் இல்லை. எந்த அளவுகோல் வேண்டுமோ அதைப் படிப்பவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: சீனப் பல்கலைக்கழகங்கள் இவ்வளவு வேகமாக முன்னேறியது எப்படி?

பதில்: ஷாங்காய் பட்டியல் பிறந்த கதையே இதற்குப் பதில். 1998இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டையொட்டி, உலகத் தரத்தில் பல்கலைக்கழகங்களை உருவாக்கச் சீனா ஒரு திட்டம் போட்டது. ‘985’ என்று அதற்குப் பெயர், ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து. உலகத் தரம் என்றால் என்ன, நாம் எவ்வளவு பின்தங்கி இருக்கிறோம் என்று அளந்தாக வேண்டுமே. ஷாங்காய் ஜியாவ் தொங் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த லியூ நியென்சாய் தலைமையில் அந்த அளவீடு நடந்தது. 2003இல் அதைத்தான் உலகுக்கு வெளியிட்டார்கள். தன் வீட்டுக் குறையை அளப்பதற்காகச் செய்த கோல், உலகமே தன்னை அளந்துகொள்ளும் கோல் ஆகிவிட்டது.

அந்த முதல் பட்டியலின் முதல் 100இல் சீனப் பெருநிலத்தின் பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லை. 2025இல் சிங்ஹுவா 18ஆம் இடத்தில். டைம்ஸ் பட்டியலில் சிங்ஹுவா 12, பீக்கிங் 13. இடைப்பட்ட 20 ஆண்டுகளில் பணத்தைச் சில நிறுவனங்களில் குவித்தார்கள், வெளிநாட்டில் இருந்த தங்கள் ஆய்வாளர்களைத் திரும்ப அழைத்தார்கள், கட்டுரை எழுதினால் ரொக்கப் பரிசும் கொடுத்தார்கள். அந்த ரொக்கப் பரிசு எண்ணிக்கையை ஊதிப் பெருக்குகிறது என்று கண்டு 2020இல் அரசே அதைத் தடுத்தது. முன்னேற்றம் உண்மையானது. பொறியியலிலும், பொருட்களின் தன்மையை ஆராயும் பொருளறிவியலிலும் இன்று அவர்களைப் படிக்காமல் ஆய்வு செய்ய முடியாது.

கேள்வி: மொழியியல் படிக்க ஆசை. இந்தப் பட்டியல்கள் என் போன்றவர்களுக்கு உதவுமா?

பதில்: ஷாங்காய் பட்டியலை மூடி வைத்துவிடு, தம்பி. அது நேச்சரையும் சயின்ஸையும் எண்ணுகிறது. உன் துறையில் பெரிய சிந்தனைகள் புத்தகமாக வரும், பல மொழிகளில் வரும். லண்டன் பொருளியல் பள்ளியை எடுத்துக்கொள். க்யூ.எஸ். பட்டியலில் அது 50ஐ ஒட்டி நிற்கிறது; ஷாங்காயில் 150க்கும் அப்பால். சமூக அறிவியல் நிறுவனம் என்பதால் நேச்சர், சயின்ஸ் கணக்கிலிருந்து அதற்கு விலக்கு கொடுத்த பிறகும் அந்த இடம்தான். மொழியியலுக்கு எம்.ஐ.டி. பெயர் பெற்றது என்றால் பலர் வியப்பார்கள், பொறியியல் நிறுவனத்தில் மொழியா என்று. நோம் சோம்ஸ்கி 1955இல் அங்கே போய்ச் சேர்ந்ததிலிருந்து தொடங்கிய மரபு அது. உனக்குப் பிடித்த 5 நூல்களை எடுத்து, எழுதியவர்கள் இப்போது எங்கே பாடம் நடத்துகிறார்கள் என்று தேடு. அதுதான் உன் பட்டியல்.

கேள்வி: அப்படியென்றால் வரிசை எண்ணுக்கு மதிப்பே இல்லையா?

பதில்: நடைமுறையில் உண்டு, அதை மறைப்பது நியாயமல்ல. பிரிட்டன் 2022இல் ஒரு புதிய விசாவைத் தொடங்கியபோது, இந்த மூன்று பட்டியல்களில் இரண்டிலாவது முதல் 50க்குள் இருக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று விதி வைத்தது. நெதர்லாந்தும் படித்து முடித்தவர்களுக்கு வேலை தேடும் ஆண்டு அனுமதி கொடுக்க, முதல் 200 என்ற கணக்கைப் பயன்படுத்துகிறது. சில நாடுகளின் அரசு உதவித்தொகைகளிலும் இப்படி நிபந்தனை உண்டு. உங்கள் திட்டத்தில் இப்படி ஏதாவது இருந்தால், படிக்கும் ஆண்டின் வரிசையா, பட்டம் வாங்கும் ஆண்டின் வரிசையா எதைப் பார்க்கிறார்கள் என்று விதியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

கேள்வி: அம்மா, பள்ளி இறுதி வகுப்பில் இருக்கிறேன். உயிர் வேதியியல் படித்து ஆராய்ச்சிக்குப் போக ஆசை. எனக்குக் கிடைக்கப் போவது முதல் 500இல்கூட இல்லாத ஒரு பல்கலைக்கழகம். அங்கிருந்து எதையாவது சாதிக்க முடியுமா?

பதில்: மகளே, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். காத்தலின் கரிக்கோ என்ற பெயரைக் கேட்டிருப்பாய். கொரோனா தடுப்பூசிக்கு அடித்தளமான எம்.ஆர்.என்.ஏ. ஆய்வுக்காக 2023இல் மருத்துவ நோபல் பெற்றவர், டிரூ வைஸ்மனோடு சேர்ந்து. அவர் இளநிலைப் பட்டத்திலிருந்து முனைவர் பட்டம் வரை படித்தது ஹங்கேரியின் செகெட் பல்கலைக்கழகத்தில். எந்த முதல் 100 பட்டியலிலும் நீ அதைப் பார்க்க மாட்டாய். ஆனால் ஒரு காலத்தில் அங்கே பாடம் நடத்தியவர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி. வைட்டமின் சி ஆய்வுக்கும் சேர்த்து, அங்கே பேராசிரியராக இருந்தபோதே 1937இல் நோபல் பெற்றார்.

கரிக்கோ பிறகு அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போனார். வரிசையில் மிக உயரத்தில் இருக்கும் இடம். 1995இல் அங்கே அவரைப் பதவி இறக்கினார்கள், அவர் ஆய்வுக்கு நிதி வரவில்லை என்று. அவரும் வைஸ்மனும் எழுதிய முக்கியமான கட்டுரை 2005இல் வந்தது. நேச்சர் அதை ஏற்கவில்லை. இம்யூனிட்டி என்ற இதழ் வெளியிட்டது. நான் முதல் பதிலில் சொன்ன ஷாங்காய் கணக்கை நினைத்துப் பார். நேச்சருக்கும் சயின்ஸுக்கும் கொடுக்கும் அந்த 20 விழுக்காட்டில், கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த இந்தக் கட்டுரைக்குக் கிடைத்தது பூஜ்யம். நோபல் அறிவிப்பில் அவர் பெயருக்கு எதிரே இரண்டு பல்கலைக்கழகங்கள் இருந்தன. ஒன்று அந்தப் பெரிய இடம், இன்னொன்று செகெட்.

இது எல்லோருக்கும் நடந்துவிடாது என்று எனக்கும் தெரியும். சிறிய இடத்தில் நல்ல கருவி இருக்காது, ஆய்விதழ்களுக்குச் சந்தா இருக்காது, பரிந்துரைக் கடிதத்துக்கு எடை குறைவாக இருக்கும். அந்தக் குறைகளை நீ முன்கூட்டியே தெரிந்துகொண்டு நிரப்ப வேண்டும். கட்டணமில்லாமல் படிக்கக் கிடைக்கும் ஆய்விதழ்கள் இன்று நிறைய இருக்கின்றன. கோடை விடுமுறையில் வேறு ஆய்வகங்களில் பயிற்சிக்கு முதலாண்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். எல்லாவற்றுக்கும் முதலில், நீ சேரப்போகும் துறையின் ஆசிரியர் பட்டியலை எடு. கடந்த 5 ஆண்டுகளில் ஒவ்வொருவரும் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார். எங்கேயும் ஒருவராவது உண்மையாக வேலை செய்துகொண்டிருப்பார். அந்தப் பட்டியலை அடுத்த கடிதத்தோடு எனக்கு அனுப்பு. சேர்ந்து படித்துப் பார்ப்போம்.